எங்கள் ஆற்று இறாலுக்குக் கடல் இல்லை

சென்ற பெப்ரவரி மாத அமாவாசைக்கு மறுநாள் இரவு, பேர்த் நகரின் சுவான் ஆற்றில், பொயின்ற் வோல்ற்றர் மணல்நாக்கின் கிழக்குப் பக்கத்து ஆழம் குறைந்த நீரில், நானும் என் மகளும் இரண்டு மணி நேரம் வலை இழுத்தோம். இடுப்பளவு நீரில் ஐம்பதடி நடந்து, கரையை நோக்கி வளைந்து வந்து, வலையின் மடியை ஈரமணலில் கொட்டி, தலைவிளக்கின் வெளிச்சத்தில் சாதாளை என்னும் நீர்ப்பூண்டையும் சொறி என்னும் நுங்குமீனையும் விலக்கி விலக்கி இறாலைத் தேடி எடுப்பது ஓர் இழுவை. அப்படிப் பதினெட்டு இழுவைகள் இழுத்தோம். வாளியில் சேர்ந்தவை முப்பத்தொரு இறால்கள். அவற்றில் பதினான்கின் முதுகில், முட்டை முற்றிய பெட்டைக்கு அடையாளமான பச்சைக்கோடு தெரிந்ததால் அவற்றை உடனேயே ஆற்றில் விட்டோம். மீதியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, இதையும் விட்டிடுவமே?" என்று கேட்டாள். நான் தலையசைத்தேன். இருவரும் வெறும் வாளியோடு வீடு திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல நாட்குறிப்பில் எழுதினேன். 1995ஆம் ஆண்டிலிருந்து, ஆற்றில் இறங்கிய ஒவ்வோர் இரவைப் பற்றியும், திகதி, இடம், நிலவு, காற்று, இழுவைகளின் தொகை, பிடிபட்ட அளவு என்று ஒரு வரியாவது எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் அப்பா கடலுக்குப் போய் வந்த நாட்களைச் சுவர்க் கலண்டரில் புள்ளி போட்டுக் குறிப்பதைப் பார்த்து வளர்ந்த பழக்கம் அது. இம்முறை எழுதிய பின்னர் பழைய பக்கங்களையும் புரட்டினேன். முதற் சில ஆண்டுகளில் எண்களே இல்லை. "அரை வாளி", "வாளி நிறைய, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தது", "தோல் உரித்து முடிய விடிந்துவிட்டது" என்றுதான் எழுதியிருக்கிறேன். 1999ஆம் ஆண்டின் கோடையில் முதன்முறையாக "இரண்டு சுண்டு" என்று வருகிறது. 2003க்குப் பிறகு வாளியும் இல்லை, சுண்டும் இல்லை. 62, 48, 20, 75, 9 என்று வெறும் எண்கள்தாம் இருக்கின்றன. எப்போது எண்ணத் தொடங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. ஆனால், ஒவ்வொன்றாக எண்ணிவிடக்கூடிய அளவுக்கு இறால் குறைந்துபோன காலம் எதுவென்பதை அந்தப் பக்கங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

என்னை முதன்முதலில் இந்த ஆற்றுக்கு அழைத்துச் சென்றவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஊரிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத எனக்கு, வேலை முடிந்து வந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், வலையின் ஒரு முனையைக் கையில் தந்து "வா" என்றார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில், தை, மாசி மாதங்களின் வெப்பமான இருட்டு இரவுகளில், கோமோ, அப்பிள்குரொஸ், நெட்லண்ட்ஸ், குரோலி என்று ஆற்றின் இரு கரைகளிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மண்ணெண்ணெய் விளக்குகள் வரிசையாக அசையுமாம். குடும்பம் குடும்பமாக வந்து, கரையில் தீ மூட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஆற்று நீரையே கொதிக்கவைத்து, வலையிலிருந்து எடுத்த சூட்டோடு இறாலை அவித்து உண்டிருக்கிறார்கள். இது வெறும் கிழவர் கதையன்று. இந்தப் பொழுதுபோக்கு உச்சத்தில் இருந்த காலத்தில் ஆண்டொன்றுக்கு 50,000 பேருக்கு மேல் சுவான் ஆற்றிலும் அதோடு வந்து சேரும் கனிங் ஆற்றிலும் இறால் பிடித்தார்கள் என்பது பதிவில் உள்ள கணக்கு. தொழிலாக இறால் பிடித்தவர்கள் 1970களின் நடுப்பகுதியிலேயே இந்த ஆற்றை விட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு இங்கே எடுக்கப்பட்டதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் வார இறுதிகளில் ஆசைக்கு எடுத்ததுதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் "கம்பெனிக்காரர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று பழியைத் தூக்கி வேறெங்கோ வைக்கும் வழி எங்களுக்கு இல்லை.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், தொண்டைமானாற்றுப் பக்கம். அங்கும் இருட்டுக்காலம்தான் இறாலுக்கு உரிய காலம். காய்ந்த தென்னோலையைக் கட்டிச் சூள் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் பரவைக்கடலின் முழங்காலளவு நீரில் அப்பா முன்னே நடப்பார். நான் பறியைச் சுமந்துகொண்டு பின்னே நடப்பேன். சூள் வெளிச்சம் பட்டதும் இறாலின் கண்கள் சிவந்த பொட்டுகளாக மின்னும். இங்கே தலைவிளக்கின் வெளிச்சத்திலும் அதே சிவப்புப் பொட்டுகள்தாம். முதல் இரவில் அதைக் கண்டபோது எனக்கு உண்டான உணர்வை இன்றுவரை எவருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. ஏறக்குறைய ஆறாயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்துவிட்டோம் என்ற நினைப்பு அந்தக் கணத்தில் இல்லாமலே போயிற்று.

அப்பா அடிக்கடி சொல்வார்: "கடல் இருக்குமட்டும் இறால் வரும்." எங்கள் ஊரைப் பொறுத்தவரை அது சரியான பேச்சு. அங்கே நாங்கள் பிடித்த வெள்ளை இறாலும் கறுப்பு இறாலும் களப்பில் வளர்பவையே தவிர, களப்பில் பிறப்பவை அல்ல. வளர்ந்த இறால் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் அங்கேதான் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் அலையோடும் நீரோட்டத்தோடும் மிதந்து வந்து, மறுபடியும் களப்புக்குள் புகுந்து, கண்ணாப் பற்றைகளின் அடியிலும் சாதாளைக்குள்ளும் வளரும். ஓர் ஆண்டு களப்பை வழித்துத் துடைத்து எடுத்தாலும், அடுத்த ஆண்டு கடல் மறுபடி கொண்டுவந்து சேர்க்கும். முகத்துவாரம் திறந்திருந்தால் போதும். அப்பாவின் வாழ்நாள் முழுவதும் அந்த நம்பிக்கை அவரை ஏமாற்றவில்லை.

அந்த நம்பிக்கையைத்தான் நான் சுவான் ஆற்றுக்கும் கொண்டுவந்தேன். அது இங்கே செல்லாது என்பதை அறிய எனக்குப் பதினேழு ஆண்டுகள் எடுத்தன. சுவான் ஆற்றில் தலைமுறை தலைமுறையாக மக்கள் பிடித்து வந்த இறால், "வெஸ்டேர்ன் ஸ்கூல் பிரோன்" என்று இங்கே அழைக்கப்படும் சிறிய இறால். உயிரியலாளர்கள் அதற்கு மெட்டாபீனியஸ் டல்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் வெப்பமான வடபகுதியில் அது கரையோரக் கடலில் வாழ்கிறது. ஆனால் பேர்த் இருக்கும் தென்பகுதியிலோ அது கழிமுகங்களுக்குள் மட்டுமே வாழ்கிறது. சுவான் ஆற்றின் இறால் சுவான் ஆற்றிலேயே முட்டையிடுகிறது, அங்கேயே பொரிக்கிறது, அங்கேயே வளர்ந்து அங்கேயே சாகிறது. கடலுக்குப் போவதும் இல்லை, கடலிலிருந்து வருவதும் இல்லை. ஃபிரீமாண்டில் துறைமுக வாயிலுக்கு வெளியே இந்து சமுத்திரம் எவ்வளவு பெரிதாக விரிந்து கிடந்தாலும், எங்கள் இறாலுக்கு அதில் உறவினர் எவரும் இல்லை. இந்த ஆற்றில் எஞ்சியிருப்பதுதான் முழுக் குடும்பமும்.

இதை முதன்முறையாக விளங்கிக்கொண்ட அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த வாளிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றில் எத்தனை பெட்டைகள், முட்டையிடும் தறுவாயில் இருந்தவை எத்தனை என்று அந்நாட்களில் நான் பார்த்ததே கிடையாது. பார்க்கத் தெரியாது என்பதும் உண்மை. நண்டு தன் முட்டைகளை வயிற்றின் கீழ் சுமப்பதுபோல இந்த இறால் சுமப்பதில்லை. முட்டைகளை நீரில் விட்டுவிடும். ஆகவே சினை இறாலை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் அது மிக எளிது. இறாலை இரண்டு விரல்களுக்கிடையே மெதுவாகப் பிடித்து, வெளிச்சத்தை அதன் பின்புறமாக வைத்துப் பார்த்தால், ஒளி ஊடுருவும் ஓட்டினூடாக, தலையின் பின்புறத்திலிருந்து வால்வரை முதுகின் உள்ளே ஓடும் குடல் கறுப்பு நூலாகத் தெரியும். முட்டை முற்றிய பெட்டையில் அந்த நூலோடு சேர்ந்து கரும்பச்சைப் பட்டை ஒன்று அகலமாக ஓடும். பாசிப்பயறின் தோல் நிறம். ஒருமுறை பார்த்தவருக்கு மறுமுறை எவரும் காட்டத் தேவையில்லை. கோடைதான் அவை முட்டையிடும் காலம். கோடைதான் நாங்கள் வலையோடு இறங்கும் காலமும். குளிர்காலத்தில் அவை ஆழமான பகுதிகளுக்குப் போய்விடுவதால் எவருக்கும் அகப்படுவதில்லை. வெப்பம் ஏறியதும், இனப்பெருக்கத்துக்காக ஆழமற்ற மணற்கரைகளுக்கு வரும்போதுதான் எங்கள் கால்களுக்கிடையே வந்து சேர்கின்றன.

பகலில் மணலுக்குள் புதைந்து கிடப்பதும், இருட்டியபின் வெளியே வந்து மேய்வதும், நிலவு வெளிச்சம் இருந்தால் அடங்கிக் கிடப்பதும் அவற்றின் இயல்பு. தலைவிளக்கை அணைக்காமல் அசையாது நின்றால், ஓர் இறால் மணலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். முதலில் கீழ்க்கால்கள் மணலைக் கிளறும். பிறகு வயிற்றுப் பகுதியைச் சற்றே வளைத்து உடலை இருபக்கமும் ஆட்டும். நான்கைந்து மூச்சு விடுவதற்குள் கண்கள் இரண்டும் தவிர மற்றெல்லாம் மறைந்துவிடும். கடைசியாக அந்த இரண்டு சிவப்புப் பொட்டுகளும் மறையும். அந்த இடத்தில் காலை வைக்கிறவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஏன் குறைந்தது என்று கேட்பவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கூற முடியாது. அப்படிக் கூற முயல்பவர்களோடு நான் வாதாடுவதுமில்லை. பிடித்தது ஒரு காரணம். அதை நான் முதலில் வைக்கிறேன், ஏனெனில் அதுவே எங்கள் கையில் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் பிடிபடும் அளவு சரிந்ததும், கரைக்கு வருவோர் தொகையும் தானாகவே சரிந்தது. பிடிப்பவர்கள் குறைந்தால் இறால் மீண்டுவிட வேண்டுமல்லவா? மீளவில்லை. ஆற்றிலேயே வேறு ஏதோ மாறியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

என்ன மாறியது என்று பார்த்தால், முதலில் மழையைச் சொல்ல வேண்டும். பேர்த் அடங்கிய தென்மேற்கு மூலையில் 1970களிலிருந்தே குளிர்கால மழை குறைந்துவருகிறது. இங்கு மழை என்பது மே மாதம் முதல் செப்டெம்பர் வரை பெய்வதுதான். கோடையில் பெரும்பாலும் வானம் வெளிறிக் கிடக்கும். அந்தக் குளிர்கால மழைதான் மேலேயிருந்து வெள்ளத்தைக் கொண்டுவந்து ஆற்றைக் கழுவி, அடியில் தேங்கியதைக் கடலுக்குத் தள்ளிவிடும். கழுவும் நீர் குறையும்போது, மேல்நிலப் பண்ணைகளிலிருந்தும் நகரத்துப் புற்றரைகளிலிருந்தும் மணற்பாங்கான நிலத்தினூடாக வந்துசேரும் உரச்சத்துகள் ஆற்றிலேயே தங்கிவிடுகின்றன. பாசி பெருகுகிறது, செத்து அடியில் படிகிறது, அழுகும்போது அடிநீரின் ஒட்சிசனை உறிஞ்சிவிடுகிறது. அடிமணலே வீடான இறாலுக்கு இதைவிடப் பெரிய கேடு என்ன இருக்க முடியும்? 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில், வழமைக்கு மாறாகப் பெய்த கோடை மழையை அடுத்து, ஆறு முழுவதும் நச்சுப் பாசி படர்ந்து, பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் கிடந்தது. எவரும் நீரைத் தொடக்கூடாது என்று ஆற்றையே மூடிவைத்தார்கள். அந்த மாதத்துக்கான பக்கம் என் நாட்குறிப்பில் வெறுமையாக இருக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் நீருக்குள் ஒட்சிசனைச் செலுத்தும் நிலையங்களை அமைத்து இயக்குகிறார்கள் என்பதைக் கேட்கும்போது, மருத்துவமனையில் மூச்சுக்குழாயோடு கிடக்கும் ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் எனக்கு நெஞ்சு கனக்கும்.

மனிதர் இந்த ஆற்றை மாற்றத் தொடங்கியது நேற்று இன்றல்ல. ஆற்றின் வாயை மறித்துக் கிடந்த சுண்ணாம்புப் பாறைத் திட்டை வெடிவைத்துத் தகர்த்து, 1897இல் ஃபிரீமாண்டில் துறைமுகத்தைத் திறந்தபோதே, உப்புநீர் முன்னைவிட மிகுதியாக உள்ளே ஏறத் தொடங்கிவிட்டது. துணையாறான ஹெலேனாவில் 1903இல் மண்டாரிங் அணையும், கனிங் ஆற்றில் 1940இல் கனிங் அணையும் எழுந்து, வரவேண்டிய நன்னீரில் பெரும்பங்கைத் தடுத்துவைத்தன. நெடுஞ்சாலைக்காக 1950களில் நாரோஸ் பாலத்தடியில் ஆற்றைத் தூர்த்தார்கள். சரிந்து இறங்கும் மணற்கரை இருந்த இடங்களில் கற்சுவர்கள் எழுந்தன. தொண்டைமானாற்றில் உவர்நீரைத் தடுக்கக் கட்டிய கதவுகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், உப்பும் நன்னீரும் சேரும் இடத்தில் மனிதன் கை வைத்தால் அதன் விளைவு எங்கெங்கோ போய்த் தெரியும் என்பது எனக்குப் புதிய பாடமன்று. இருந்தும், இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இந்தச் சிறிய இறால் நூறாண்டு தாக்குப்பிடித்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, அதன் மீது எனக்கு மரியாதையே உண்டாகிறது.

2012 முதல் 2016 வரை மேர்டொக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து ஒரு பெரிய முயற்சி செய்தார்கள். ஆற்றிலிருந்தே சினைப் பெட்டைகளைப் பிடித்து, ஃபிரீமாண்டிலில் இருந்த பொரிப்பகத்தில் முட்டையிடச் செய்து, குஞ்சுகளைச் சில மில்லிமீற்றர் வளர்த்து, இலட்சக்கணக்கில் மறுபடி ஆற்றில் விட்டார்கள். அதோடு, இறால் பிடிக்கும் பழக்கமுள்ள பொதுமக்களைக் கூட்டிப் பயிற்சி தந்து, இருட்டுக்கால இரவுகளில் எண்ணிக் குறிக்கும் பணியில் ஈடுபடுத்தினார்கள். நானும் அதில் சேர்ந்தேன். பச்சைக்கோட்டை எனக்குக் காட்டித் தந்தவர் அங்கு வந்த ஓர் இளம் ஆய்வாளர். இந்த இறாலுக்குக் கடல் இல்லை என்பதையும் அந்தப் பெண்தான் சொன்னார். பதினேழு ஆண்டு பிடித்த எனக்கு, இருபது நிமிடத்தில் அவர் கற்பித்தது மிகுதி.

விட்ட குஞ்சுகள் யாவும் பிழைத்துவிடவில்லை. இந்த ஆற்றில் கொபிள்கட்ஸ் என்று ஒரு சிறு மீன் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது, இரவில் மேய்வது. பெயருக்கு ஏற்பப் பெருந்தீனிக்காரன். இறால் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் அதற்கு விருந்துதான். எந்த நேரத்தில் விட்டால் இழப்புக் குறையும் என்பதையே தனியாக ஆராய வேண்டியிருந்தது. கோடையில் பழுப்பு நிறச் சொறி பெருகி, வலையின் மடியை நிறைத்து, தூக்கவே முடியாதபடி கனக்கும் இரவுகளும் உண்டு. பொரிப்பகத்தில் வளர்த்து விடுவது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வீட்டில் நெல் இல்லாதபோது விதைநெல்லைக் கடன் வாங்கி விதைப்பதற்கும், இருந்த விதைநெல்லை அவித்து உண்ணாமல் காப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் எத்தனை முறை செய்ய முடியும்?

சென்ற ஆண்டு எங்கள் சங்கத்து ஒன்றுகூடலில் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நல்ல பிள்ளை, எனக்குத் தம்பி முறையில் பழகுபவர். வாளியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு இறால் கிடந்தது. பெரும்பாலானவை கூனியைவிடச் சற்றே பெரியவை. "தூண்டிலுக்கு இரையாகப் போடத்தான் அண்ணை" என்றார். இவ்வளவு சிறியதை விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "நாங்கள் நாலு பேர் பிடிச்சு இந்த ஆறு வத்தப்போகுதே? சட்டப்படி ஆளுக்கு ஒன்பது லீற்றர் எடுக்கலாம். நாங்கள் அதில அரைவாசிகூட எடுக்கேல்லையே" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த மாநிலத்தில் ஒருவர் ஒரு நாளில் 9 லீற்றர் இறால் எடுக்கலாம் என்பதே விதி. ஆனால் நாங்கள் எவரும் கடந்த இருபது ஆண்டுகளில் சுவான் ஆற்றில் அந்த எல்லையை எட்டியதில்லை, எட்ட முடியாது. எட்டவே முடியாத எல்லை எவரையும் தடுப்பதில்லை. அது, எடுக்கலாம் என்ற துணிவை மட்டுமே தருகிறது. ஆற்றில் ஆயிரம் வாளி இருந்த காலத்தில் ஒரு வாளி என்பது வேறு, ஐம்பது வாளி மட்டும் இருக்கும் காலத்தில் அதே ஒரு வாளி என்பது வேறு. மேலும் இந்த இறாலின் வாழ்நாள் குறுகியது, ஓரிரு ஆண்டுகளே. ஒரு கோடையில் முட்டையிட வேண்டியவை முட்டையிடாமல் போனால், அடுத்த கோடையில் ஈடுகட்ட மூத்த தலைமுறை என்று ஒன்று காத்திருப்பதில்லை. இதே ஆற்றில் கொப்ளர் என்னும் கெளிற்று இன மீன் குறைந்தபோது, 2007இல் அதைப் பிடிக்கவே கூடாதென்று தடை கொண்டுவந்தார்கள். 2002இல் அதன் முள் என் குதிகாலில் ஏறி, இரவு முழுவதும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு துடித்திருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தத் தடையை மனமார வரவேற்றேன். இறாலுக்கும் அப்படி ஒரு சில ஆண்டுகள் முழு ஓய்வு கொடுக்கலாம் என்பது என் கருத்து. எனக்கு மிகவும் பிடித்த ஒரு காரியத்தை நானே விட்டுவிட வேண்டியிருக்கும் என்பதை அறிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

இதற்கு மறுப்பாக நான் அடிக்கடி கேட்பது, "அப்படியொன்றும் இல்லை, போன கிழமை எனக்குப் பெரிது பெரிதாக அகப்பட்டதே" என்பது. அந்தப் பெரியவை வேறு இறால். அவை இங்கே "கிங் பிரோன்" எனப்படும் அரச இறால்கள். அவை எங்கள் ஊர் இறாலைப் போலக் கடலில் முட்டையிடுபவை. குஞ்சாக ஆற்றுக்குள் வந்து, வளர்ந்தபின் மறுபடி கடலுக்குப் போய்விடுபவை. தலை ஓட்டில், கொம்பின் இரு பக்கமும் பின்னோக்கி நீண்டு ஓடும் பள்ளமான கோடுகளைத் தடவிப் பார்த்தே அடையாளம் காணலாம்; வாலிலும் கால்களிலும் நீலம் தெரியும். ஆற்று இறாலிலோ அந்த நீண்ட பள்ளக் கோடுகள் இல்லை. உடல் மங்கலாக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். இரண்டையும் ஒரே வாளியில் போட்டு ஒரே பெயரில் எண்ணுவதால்தான், ஒன்று இல்லாமற் போவதை மற்றொன்று மறைத்துவிடுகிறது. அப்பா சொன்ன பேச்சு அரச இறாலுக்குப் பொருந்தும். ஆற்று இறாலுக்குப் பொருந்தாது. அந்தத் தம்பியின் படத்தைப் பெரிதாக்கி, தலை ஓட்டில் பள்ளக் கோடு இருப்பது எது, இல்லாதது எது என்று அவருக்குக் காட்டினேன். வாளியில் இருந்தவற்றில் பள்ளக் கோடு உள்ள அரச இறால் ஒன்றுகூட இல்லை. அவர் அதன் பிறகு எதுவும் பேசவில்லை. சில கிழமைகள் கழித்து, நள்ளிரவு தாண்டி, தாமே ஒரு படம் அனுப்பியிருந்தார்: ஈரமான உள்ளங்கையில் ஓர் இறால், பின்னால் விளக்கு வெளிச்சம், முதுகில் பச்சைக்கோடு. கீழே "விட்டாச்சு அண்ணை" என்று மட்டும் எழுதியிருந்தார்.

பேர்த்தில் இருக்கும் உங்களில் பலர், குறிப்பாக 1980களிலும் 1990களிலும் இங்கு வந்தவர்கள், இந்த ஆற்றில் இறங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த நண்பர்கள் எனக்கு முன்பே இங்கே வலை இழுத்தவர்கள். உங்களிடம் பழைய படங்கள் இருக்கும். வாளிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படங்கள். அவற்றில் பின்புறத்தில் திகதி எழுதியிருந்தால், அல்லது எந்தக் கரை, எந்தக் கோடை என்று நினைவிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வாளி எவ்வளவு நிறைந்திருந்தது, எத்தனை பேர் இழுத்தீர்கள், எவ்வளவு நேரம் என்பவை தெரிந்தால் இன்னும் நல்லது. இனிமேல் போகிறவர்கள், ஓர் இரவுக்கு நான்கு விவரம் மட்டும் குறித்து வையுங்கள்: இடம், இழுவைகளின் தொகை, ஆற்று இறால் எத்தனை, அவற்றில் பச்சைக்கோடு எத்தனை. அரச இறாலைத் தனியாக எழுதுங்கள். ஒன்றுமே அகப்படாத இரவையும் விடாமல் எழுதுங்கள், ஏனெனில் அந்தச் சுழியமும் ஒரு கணக்குத்தான்.

அடுத்த அமாவாசைக்கு நானும் மகளும் அற்றடேல் கரைக்குப் போகவிருக்கிறோம். வலை வீட்டிலேயே இருக்கும். தலைவிளக்கும், நாட்குறிப்பும், வெந்நீர்க் குடுவையும் மட்டும் எடுத்துப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். கரையோரமாக முழங்காலளவு நீரில் இருநூறு அடி நடந்து, சிவப்புப் பொட்டுகளை எண்ணி எழுதிக்கொண்டு வருவோம்.